தாம்பாளத்தில் சல்லிக்காசு

நடந்தவை, வரிசையாக:

1. வெள்ளாற்றுக்கு வடக்கே, என்னோடு வேலை செய்யும் எஸ்தரின் ஊர் மேட்டில் கழிவறைத் தொட்டிக்குக் குழி வெட்டியபோது பச்சை நிறத்தில் ஒரு கட்டி கிடைத்தது.

2. கட்டி முழுக்கக் காசு. சட்டைப் பொத்தான் அளவில், ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போன செம்புக் காசுகள். பழைய ரோம் நாட்டுச் சல்லிக்காசுகள்.

3. அதே மேட்டைச் சாலை வேலைக்கு மண் எடுப்பதற்காக வெட்ட அனுமதி ஆகியிருந்தது. மழைக்காலத்தில் ஆறு ஏறினால் ஊர் முழுக்க ஏறி நிற்பது அந்த மேட்டில்தான்.

4. தொல்லியல் அதிகாரி ஒருவர் வெள்ளிக்கிழமை சிதம்பரத்துக்கு வந்து கட்டியைப் பார்ப்பதாகவும், பிறகு மேட்டைப் பார்ப்பதாகவும் சொன்னார். அதுவரை அதைக் கழுவ வேண்டாம் என்றும் சொன்னார்.

5. வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு மாமா அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்.

இதை யாரிடம் சொன்னாலும் நான்காவது வரைக்கும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஐந்தாவது வந்ததும் சிரித்துவிடுகிறார்கள். "ஐயோ பாவம்" என்கிறார்கள். பாவம் என்று அவர்கள் சொல்வது மேட்டு ஜனங்களை அல்ல, மாமாவை. என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவர் இப்போது இல்லை. இறந்தபோது எங்கள் தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், அவர் படத்துக்குக் கீழே "கேட்காமலே உதவியவர்" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அவர்மீது எனக்கு இருக்கும் புகாரும் அதுதான்.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உறவு எதுவும் கிடையாது. தெருவில் எல்லோருக்கும் அவர் மாமா. ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தார். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரு டிரைவர். அவரை நினைத்தால் எனக்கு முகத்துக்கு முன்னால் கை வருகிறது. உள்ளங்கை மேலே பார்த்தபடி நீண்டு வரும் கை. அடுத்தவர் கையில் ஒரு பொருள் இருந்து, அது ஒரு கணம் திறக்க மறுத்தாலோ எரிய மறுத்தாலோ போதும், அந்தக் கை வந்துவிடும்.

"இப்படிக் குடு."

ஊறுகாய் பாட்டில், கேஸ் லைட்டர், ஊசி நூல், சிம் கார்டு, அழுகிற குழந்தை. எதுவானாலும் இரண்டே சொல். கேட்பது மாதிரித் தெரியும், கேட்பது அல்ல. நாம் யோசிப்பதற்குள் பொருள் அவர் கையில் இருக்கும். பெரும்பாலும் அவர் அதைச் சரியாகச் செய்துவிடுவார் என்பதால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. காலையில் வாசலில் நின்று ஜியாமெட்ரி பாக்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கை வந்தது. என்னுடைய பென்சில்கள் எல்லாவற்றையும் பிளேடால் ஊசி மாதிரிச் சீவிக் கொடுத்தார். தேர்வில் முதல் வட்டம் போடும்போதே முனைகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. சாயங்காலம் அதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "முன்னயே தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு பென்சில் வாங்கிச் சீவிக் குடுத்திருப்பேனே பாப்பா" என்றார். தன் உதவியால் வந்த கெடுதலுக்கு அவரிடம் இருந்த மருந்து, இன்னும் கொஞ்சம் உதவி.

மண்டபத்தில் அவர் ராஜா. மாலை சிக்கிக்கொண்டால் அவர். மைக் கீச்சிட்டால் அவர். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி நிற்கவில்லை என்றால் அவர். ஒரு கல்யாணத்தில், தாலிக் கயிற்றை எடுக்க மாப்பிள்ளை கொஞ்சம் தடுமாறியபோது இவர் மேடையில் ஓரடி முன்னால் வந்துவிட்டார். பெண்ணின் தோழி ஒருத்தி கீழே இருந்து கத்தினாள்: "மாமா, தாலிய மட்டுமாவது மாப்ள கையில வுட்டுடுங்க!" மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவர் அவர்.

மண்டபத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடங்கள் இரண்டு. இரண்டும் பின்னால் வரும் விஷயத்துக்குத் தேவை என்பதால் சொல்கிறேன். ஒன்று, விளக்கு. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால் மண்டபத்துக் குத்துவிளக்குகளைத் தன் கையாலேயே புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பார். களிம்பு ஏறிய விளக்கைப் பார்த்தால் அவருக்கு உடம்பு கூசும். இன்னொன்று, சீர்வரிசைத் தட்டு. பெண் வீட்டார் கொண்டுவரும் தட்டுகளில் எதுவாவது பாதியாக இருந்தால் பொறுக்க மாட்டார். அடியில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்தோ, அடுத்த தட்டிலிருந்து நாலு வாழைப்பழத்தை எடுத்தோ நிரப்பிவிடுவார். "கொறையா வச்சா சபையில எவனும் மதிக்க மாட்டான்" என்பார். அதுவும் உண்மைதான். நான் பார்த்த கல்யாணங்களில் குறைந்த தட்டை யாரும் மதிக்கவில்லை.

இதையும் எழுத வேண்டும்: என் அப்பா பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த அன்று, மண்டபத்து வேனை எடுத்துக்கொண்டு போய் அவரைத் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மாமா. அன்றைக்கும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. என் அப்பா இன்று நடமாடுகிறார். இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்.

நான் கடலூரில், குடிகாட்டுப் பக்கம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். குழாய்களும் தொட்டிகளும் எங்கெங்கே அரித்துப்போகின்றன, ஏன் அரிக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. இந்த வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. துருவைத் துடைக்காதே. முதலில் பார். எந்தப் பக்கம் ஈரம் பட்டது, எது கசிந்தது, எவ்வளவு காலமாக என்பதெல்லாம் துருவில்தான் இருக்கிறது. துடைத்துவிட்டால் வெறும் இரும்பு. இரும்புக்கு எதுவும் தெரியாது.

எஸ்தர் எங்கள் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருப்பவள். அவள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"கொழம்புன்னு நெனச்சு ஊத்திக்காத. காசு."

"எங்கடி கெடச்சுது?"

"எங்க மேட்டுல. கக்கூஸ் தொட்டிக்கு வெட்டுனாங்க இல்ல, அதுல. எங்கம்மா ஏதோ பாசி புடிச்ச கல்லுன்னு தூக்கிப் போடப் போனாங்க."

உருகி ஒட்டிப்போன அதிரசங்கள் மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு காசு தனியாக வந்திருந்தது. ஒரு பக்கம் தலைப்பட்டை கட்டிய ஓர் ஆணின் முகம். மறுபக்கம் ஈட்டி பிடித்து நிற்கும் உருவம். அதைப் படம் எடுத்து, என் கல்லூரி ஆசிரியர் ஒருவர் மூலமாகத் தொல்லியல் அதிகாரிக்கு அனுப்பினோம். ரோமானியச் செம்புக்காசு என்று அவர் உறுதியாகச் சொன்னார். கட்டியை உடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம் என்று போனிலேயே சொன்னார்.

கட்டியை ஆய்வுக்கூடத்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். களிம்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அது நெசவு. யாரோ அந்தக் காசுகளைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். துணி மக்கிப் போய்விட்டது. அதன் இழைகள் மட்டும் களிம்பில் அச்சாகப் பதிந்து நின்றுவிட்டன. அடியில் மேட்டு மண்ணும் ஒரு பானை ஓடும் சேர்ந்து இறுகியிருந்தன.

"எங்கம்மா சுருக்குப்பை மாதிரியே இருக்குடி" என்றாள் எஸ்தர். அப்புறம் நெடுநேரம் லென்ஸை என்னிடம் தரவில்லை.

தங்கக்காசு கிடைத்திருந்தால் அது வேறு கதை. தங்கம் பெரிய வியாபாரிகளின் கையில் வரும், ராஜாவின் பெட்டிக்குப் போகும். சல்லிக்காசு அப்படியல்ல. அதை வைத்து ஒரு மிளகு மூட்டை வாங்க முடியாது. அதன் சொந்த ஊரில் ஒரு ரொட்டித் துண்டு வாங்கியிருக்கலாம். இங்கே ஒரு கை மீன் வாங்கியிருக்குமா, இல்லை கப்பலில் வந்தவன் இடுப்பில் தங்கிப்போன சில்லறையா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் அதைத் துணியில் முடிந்து, அந்த மேட்டில் வைத்திருந்தார். அங்கே ஆள் இருந்திருக்கிறார்.

அது எங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், மண் எடுக்க வந்தவர்கள் கையில் வைத்திருந்த காகிதத்தில் அந்த இடத்துக்கு "வெறும் மண்மேடு, பயன்பாடு இல்லை" என்று எழுதியிருந்தது. பயன்பாடு இல்லையாம். வெள்ளம் வரும்போது எஸ்தரின் ஊர்க்காரர்கள் ஆட்டையும் அரிசியையும் வயதானவர்களையும் தூக்கிக்கொண்டு ஏறுவது அங்கேதான். மேட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்ன சர்ச். அதை ஒட்டி எஸ்தரின் வீடும் இன்னும் சில வீடுகளும். மற்ற வீடுகள் எல்லாம் கீழே. கட்டியையும் இடத்தையும் பார்த்துவிட்டு, ஆய்வு முடியும்வரை மேட்டைத் தொடக்கூடாது என்று அதிகாரி ஒரு வரி எழுதினால் போதும், வேலை நின்றுவிடும். அந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தோம்.

மண் எடுக்கிறவர்களின் ஆட்கள் ஊரில் கட்டியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்ததால், எஸ்தர் அதை என்னிடம் தந்து வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மேட்டு மண்ணையே பரப்பி, அதில் கட்டியை வைத்து மூடி, எங்கள் வீட்டுப் பீரோ மேல் வைத்தேன். மூடியின் மேல் மார்க்கர் பேனாவால் "தொடாதீர்கள்" என்று எழுதினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். மாமா தன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பக்கெட். கையில் ஒரு பழைய டூத் பிரஷ். மடியில் தாம்பாளம்.

"வா பாப்பா, வா. பாரு, எப்படித் தகதகன்னு இருக்கு!"

தாம்பாளத்தில் செம்புப் பொட்டுகள் மாதிரி அவை கிடந்தன.

"கட்டி எங்க மாமா?"

"அதான் வுட்டுப்போச்சே. காலையில புளித்தண்ணியில போட்டேன், மத்தியானத்துக்குள்ள பிஸ்கட் மாதிரி பிரிஞ்சு வந்துடுச்சு. கொஞ்சம்தான் அடம் புடிச்சுது. ஸ்குரு டிரைவர் வச்சு நெம்பிட்டேன்."

"பெட்டி மேல தொடாதீங்கன்னு எழுதியிருந்தேன்."

"அது அம்மாவுக்கு எழுதுனதுன்னு நெனச்சேன்."

"பெட்டியில இருந்த மண்ணு? அந்தப் பானை ஓடு?"

"மண்ணெல்லாம் அலசி முருங்கை மரத்துக்கு ஊத்திட்டேன். செம்புத் தண்ணி மரத்துக்கு நல்லது."

நான் உட்கார்ந்து காசுகளைப் பார்த்தேன். தலைப்பட்டை கட்டிய முகங்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. சிலவற்றில் ஒரு காது இருந்தது, சிலவற்றில் கழுத்து. நெசவு ஒன்றில்கூட இல்லை.

எங்கள் வீட்டுக் கதவோரம் அம்மா நின்றிருந்தார். "நாளைக்கு ஆபீசர் வர்றாருன்னு சொன்னேன்டி. 'பெரிய ஆபீசர் கையில இந்த அழுக்கையா குடுப்பீங்க, இப்படிக் குடுங்க'ன்னாரு. அவரு கேட்டா எப்படி இல்லன்னு சொல்றது?"

எங்கள் தெருவில் இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை.

காசுகளை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். எஸ்தருக்குப் போன் செய்தேன். "சரி, போட்டோ இருக்கு இல்ல?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமாவும் வந்தார். கேசரியும் பஜ்ஜியும் அவர் ஏற்பாடு. அதிகாரிக்கு வழி காட்ட நான் தெருமுனைக்குப் போய்க் காத்திருந்தேன். அந்த நேரத்துக்குள் எஸ்தரின் கையிலிருந்த பெட்டியை நோக்கி மாமாவின் கை நீண்டிருக்கிறது. நான் அதிகாரியோடு உள்ளே வந்தபோது, கூடத்து நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பட்டுத் துண்டு, அதன்மேல் தாம்பாளம். சுற்றி வெற்றிலை, நடுவில் மஞ்சள் குங்குமம், ஒரு முழம் மல்லி. காசுகள் கோபுரமாக அடுக்கியிருந்தன.

அதிகாரி களைத்த முகத்துக்காரர். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கழுவ வேணாம்னு சொன்னேனேம்மா."

பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு காசை எடுத்து ஓரமாக வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார். மூன்றாவதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"இது ஓட்டைக் காலணா. இது கிழக்கிந்தியக் கம்பெனி. இது ஏதோ கோயில்ல விக்கிற ராமர் டாலர். இதெல்லாமும் அந்த மேட்டுலயா கெடச்சுது?"

"இல்ல சார்" என்றார் மாமா. குரலில் பெருமை. "தாம்பாளம் கொறையா இருந்துச்சு. நம்ம வூட்டு சாமி மாடத்துல இருந்ததையும் சேத்தேன். எல்லாம் பழசுதான சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "கட்டி நல்லா தெரியுதும்மா. ஆனா இது எந்த எடத்துல இருந்து வந்துச்சுன்னு போட்டோ சொல்லாது. ஒட்டியிருந்த மண்ணு சொல்லியிருக்கும். இந்த மாதிரி செம்புக்காசு வேற ஆத்தங்கரை ஊருங்கள்ல பொறுக்கி எடை போட்டு விக்கறாங்க. நீங்க அங்க வாங்கிட்டு வந்து மேட்டுல கெடச்சுதுன்னு சொல்றீங்கன்னு எதிர்ல இருக்கறவன் சொன்னா, என்கிட்ட பதில் இல்ல. கம்பெனிக் காசு வேற கலந்து கெடக்கு."

ஆனாலும் மேட்டுக்கு வந்தார். குழி இருந்த இடத்தில் சிமெண்டு உறை இறக்கி மூடியிருந்தார்கள். மேலே நடந்து பார்த்தார், நாலைந்து ஓடுகளைப் பொறுக்கினார். அவை எந்தக் காலத்துப் பானையாகவும் இருக்கலாம் என்றார். அந்த ஒரு வரியை அவர் எழுதவில்லை.

அவர் போன பிறகு எஸ்தரும் நானும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். மாமா கேசரியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எஸ்தர் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அது எங்க மேடு சார். தண்ணி வந்தா நாங்க எங்க போறது?"

"என்னாத்துக்கும்மா கவலப்படற? நம்ம மண்டபம் இருக்கு இல்ல? ஊரே வரட்டும். எத்தன பேரு ஜாஸ்தியா வந்தாலும் சோறு போட்டுடலாம். நான் பாத்துக்கறேன்."

"ஆறு ஏறிடுச்சுன்னா ரோடே இருக்காது சார். எப்படி வருவோம்?"

"படகு அனுப்பறேன். அதையும் நான் பாத்துக்கறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. படகு அனுப்பியிருப்பார், சோறு போட்டிருப்பார், இலை எடுத்திருப்பார். தங்கள் காலில் தாங்களே ஏறி நிற்க ஓர் இடம் வேண்டும் என்று ஒருத்தி சொல்வது மட்டும் அவர் காதில் விழவில்லை. கெட்டவன் ஒருவன் இதைச் செய்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்திருப்போம், தெருவில் நின்று கத்தியிருப்போம். இவர் எங்களுக்குக் கேசரி வைத்துக் கொடுத்தார். எஸ்தர் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க அவளுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது புரிந்ததா என்று தெரியாது. ஒரு காலை, ஆலை பஸ் நிற்கும் இடம் வரை நான் ஓட்டிப்போகும் ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றில்லாமல் இருந்ததைப் பார்த்து, நான் குளித்துவிட்டு வருவதற்குள் பம்ப் எடுத்து வந்து அடித்து வைத்திருந்தார். நான் அவர் கண் முன்னாலேயே குனிந்து, காற்றைப் பிடுங்கி விட்டேன். பிறகு மேல வீதி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், காசு கொடுத்துக் காற்றடித்தேன். வேர்த்து வழிந்தது. பஸ்ஸைத் தவற விட்டேன். அன்று முழுக்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்தது தாலுகா ஆபீசில் நடந்த பேச்சுவார்த்தை. மேட்டுக்காரர்கள் ஒரு பக்கம், மண் எடுப்பவர்கள் ஒரு பக்கம், நடுவில் தாசில்தார். ஊர் சார்பில் எஸ்தரின் அம்மா பேசுவதாக முடிவாகியிருந்தது. அவர் நடவு வேலைக்குப் போகிறவர். ஊர்ப் பெண்களில் தைரியமாகப் பேசுபவர். நானும் போயிருந்தேன். மாமாவும் வந்திருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

எஸ்தரின் அம்மா எழுந்தார். "ஐயா, அந்த மேட்டுலதான் நாங்க..." என்று ஆரம்பித்து, தாசில்தாரின் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினார். அவ்வளவுதான். அடுத்த வார்த்தையை எடுக்க ஒரு மூச்சு விட்டார்.

"நீங்க உக்காருங்கம்மா, நான் சொல்றேன்" என்று மாமா எழுந்துவிட்டார். "சார், அந்தம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா..."

நான் எழுந்து, "மாமா, அவுங்களே பேசட்டும்" என்றேன். "இரு பாப்பா, பதட்டப்படாத" என்றார். தாசில்தாருக்கும் அவரோடு பேசுவது சுலபமாக இருந்தது.

கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் எத்தனையோ தகராறுகளைத் தீர்த்து வைத்தவர் அவர். தகராறு என்றால் அவருக்கு ஆளுக்குப் பாதி. நயமாகப் பேசினார். எல்லோரையும் ஒருமுறை சிரிக்க வைத்தார். கடைசியில், "மேக்குப் பக்கம் நீங்க எடுத்துக்குங்க, சர்ச் இருக்கற கெழக்குப் பக்கம் அவுங்களுக்கு வுட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் சங்கடம் வேணாம்" என்றார். மண் எடுப்பவர்களின் ஆள் உடனே எழுந்து அவருக்குக் கை கொடுத்தான். முழு மேட்டுக்கு அவர்கள் சண்டை போடத் தயாராக வந்திருந்தார்கள்; சண்டை இல்லாமலே பாதி கிடைத்தது. மேற்குப் பக்கம்தான் உயரம். அதையும் மாமா கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

வெளியே வந்ததும் அவர் எஸ்தரின் அம்மாவிடம், "பாத்தீங்களாம்மா, சுமுகமா முடிச்சுட்டோம்" என்றார். அந்தம்மா தலையை ஆட்டினார். எஸ்தர் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தோள் ஆடுவதைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். டீ வாங்கி வரப் போனார்.

அவர் சாவுக்கு எஸ்தரின் அம்மா மாலையோடு வந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய், "ஏம்மா, இவருக்கு மாலையா?" என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்மா."

"அன்னைக்கு நீங்க ஏன் மறுபடி எழுந்து பேசல?"

"நல்ல மனுசனா போயிட்டாரே. எப்படி எதுத்துப் பேசறது? வேற எவனாவது வாயப் புடுங்கியிருந்தா நான் வுட்டிருப்பனா?"

இன்றைய நிலை இது. காசுகளைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டோம். ஒரு கவரில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் கிடைத்த இடம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. மண்டபத்தை விற்றுவிட்டார்கள், அங்கே இப்போது துணிக்கடை. மேட்டின் மேற்குப் பக்கம் ஒரு பெரிய பள்ளமாக இருக்கிறது. வெட்டிய முகப்பு ஒவ்வொரு மழைக்கும் சரிந்து, கிழக்குப் பக்கத்திலும் பாதி போய்விட்டது. சர்ச்சின் பின்சுவரில் விரிசல் விட்டிருப்பதால் உள்ளே யாரையும் விடுவதில்லை. போன மழைக்கு ஊர்க்காரர்கள் மேட்டில் ஏறவில்லை, ஏற இடமில்லை. கொஞ்சப் பேர் தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே உயரமான நெடுஞ்சாலைக்குப் போய், ஓரத்தில் நின்ற லாரிகளுக்குக் கீழே இருந்தார்கள். எஸ்தர் கடலூரில் ஒரு வாடகை வீடு பார்த்து, மழை எச்சரிக்கை வந்தால் தன் அம்மாவை அழைத்து வந்துவிடுகிறாள். மற்ற வீடுகளுக்குப் போக இடம் இல்லை.